நீரே தூக்கட்டும்

ஒரு படகு ஓடுகிற நேரம் குறைவு; நிற்கிற நேரம்தான் அதிகம். காலை ஒன்பது மணிக்கு அவிழ்த்து மாலை ஐந்தரைக்குக் கட்டிவிடுகிற படகுகூட ஒரு நாளில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் சும்மாதான் நிற்கிறது. சொந்தத் துறையில் கட்டி வைத்து, விடுமுறைக்கு மட்டும் எடுக்கப்படும் படகு என்றால் ஆண்டின் பெரும்பகுதி அது அசையாமல் கிடக்கும். ஆகவே ஒரு படகு எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைத் தீர்மானிப்பதில், அது எப்படி ஓட்டப்படுகிறது என்பதைவிட எங்கே எப்படி நிறுத்தப்படுகிறது என்பதற்குப் பங்கு அதிகம். மிதவைப் படகுத்தூக்கி என்ற சாதனம் இந்தக் கேள்விக்காகவே பிறந்தது. துறையோடு சேர்ந்து மிதந்தபடியே, படகை நீருக்கு மேலே ஏந்தி வைத்துக்கொள்ளும் மேடை அது. அதை வாங்க நினைப்பவர்கள் முதலில் மோட்டாரின் குதிரைத்திறனைக் கேட்கிறார்கள், பிறகு விலையைக் கேட்கிறார்கள். நீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மிதவைத்தூக்கியில் படகைத் தூக்குவது மோட்டார் அல்ல, நீர்தான். எனவே அதைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலும் நீரிலிருந்தே வர வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் நிறுவ முயலும் கருத்து.

இதைச் சோதித்துப் பார்க்க ஏற்காடு நல்ல களம். சேர்வராயன் மலையில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,515 மீட்டர் உயரத்தில், ஊருக்கு நடுவில் கிடக்கிறது ஏற்காடு ஏரி. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் அங்கே துடுப்புப் படகு, மிதி படகு, மோட்டார் படகு என மூன்று வகையும் விடுகிறது. ஏரி நிறைந்தால் மிகைநீர் கிளியூர் அருவிக்குப் போகிறது; மழை பொய்த்தால் கரையோரச் சேறு வெளியே தெரிகிறது. நீர் நன்னீர், காற்று மெல்லியது, வெயில் உறைப்பானது, அலை சிறியது. படகை நிறுத்துவது பற்றிய ஒவ்வொரு பொதுவிதியையும் இந்த நான்கு குணங்களும் கொஞ்சம் மாற்றி எழுதுகின்றன. கடற்கரைத் துறைக்கென வகுத்த அறிவுரையை அப்படியே மலைக்கு ஏற்றினால் எங்கே பிழைக்கும், எங்கே பொருந்தும் என்பதை இங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

நீரிலிருந்து ஏன் எடுக்க வேண்டும்?

முதல் மறுப்பு இயல்பானது. படகு நீருக்காகச் செய்யப்பட்டது. அதை ஏன் நீரிலிருந்து எடுக்க வேண்டும்? நம் கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் படகோடு வாழ்ந்தவர்கள் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். சோழமண்டலக் கரையின் மீனவர்கள் கட்டுமரத்தைக் கடலில் மிதக்கவிட்டு வீட்டுக்குப் போனதில்லை. கரையில் இழுத்துப் போட்டு, கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயவிட்டார்கள். நீர் குடித்த மரம் கனக்கும். கனத்த மரம் தாழ மிதக்கும். தாழ மிதக்கும் கட்டுமரத்தில் ஆளும் வலையும் மீனும் ஏற இடமிருக்காது. ஒகேனக்கல்லின் பரிசல்காரர்களும் அப்படித்தான். மூங்கில் பின்னலின் மேல் முன்பு தோலும் இன்று தார் பூசிய பிளாஸ்டிக் தாளும் போர்த்திய பரிசலை, வேலை முடிந்ததும் தலையில் தூக்கிவந்து கரையில் கவிழ்த்து வைக்கிறார்கள். 1867இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் போட் கிளப்பில் அடையாற்றில் துடுப்பு வலிக்கும் பந்தயப் படகுகளுக்கும் உறைவிடம் கொட்டகைக்குள் இருக்கும் அடுக்குதான், நீர் அல்ல. ஓடும்போது நீரில், நிற்கும்போது நிலத்தில் என்பது பழைய, சோதிக்கப்பட்ட ஒழுங்கு.

மரம் போய் ஃபைபர் வந்த பிறகு இந்த ஒழுங்கு தேவையில்லை என்று பலர் நினைத்தார்கள். கண்ணாடியிழை அழுகாது, செல்லரிக்காது என்பது உண்மைதான். ஆனால் அது நீரை முழுக்கத் தடுப்பதில்லை. பாலியெஸ்டர் பிசினில் கண்ணாடியிழையைத் தோய்த்து அடுக்கடுக்காகப் படிய வைத்து, அதன் மேல் ஜெல்கோட் எனப்படும் வழவழப்பான மேல்பூச்சைத் தந்து படகின் உடல் செய்யப்படுகிறது. மாதக்கணக்கில் நீரில் நின்றால், நீர்மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக இந்த மேல்பூச்சை ஊடுருவுகின்றன. உள்ளே பிசினில் சரியாக இறுகாமல் தங்கிவிட்ட, நீரில் கரையக்கூடிய பொருள்களைக் கண்டால் அவற்றைக் கரைத்துக்கொண்டு செறிவான சிறு துளியாகின்றன. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் நகர்வது சவ்வூடு பரவல். வெளியே ஏரி, உள்ளே செறிந்த துளி, நடுவே சவ்வாக ஜெல்கோட். துளி பெருக்கிறது, பூச்சு உப்புகிறது. அப்படி உப்பிய கொப்புளம் ஒன்றை ஊசியால் குத்தினால் வழுவழுப்பான திரவம் பீறிட்டு வரும். அதில் காடி போன்ற புளித்த வாடை அடிக்கும். பிசின் நீரால் சிதைந்து அமிலமாகியிருக்கிறது என்பதற்கு அந்த வாடையே சாட்சி.

ஏரிப் படகு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இதற்குள் ஒன்று இருக்கிறது. கடல்நீர்தான் படகைக் கெடுக்கும், நன்னீர் சாது என்பது பொது நம்பிக்கை. இரும்புக்கும் மோட்டாருக்கும் அது சரி. ஃபைபர் உடலுக்கு நேர்மாறு. கடல்நீரில் கரைந்திருக்கும் உப்புக்கு ஏறத்தாழ 25 வளிமண்டலச் சவ்வூடு அழுத்தம் உண்டு. அது வெளியே இருந்து உள்துளியின் இழுப்பை ஓரளவு ஈடுகட்டுகிறது. ஏரியின் நன்னீரில் அந்த எதிர்விசை அநேகமாகச் சுழியம். எனவே மற்றவை சமமாக இருந்தால், முட்டுக்காட்டின் உவர்நீரில் நிற்கும் படகைவிட ஏற்காட்டின் நன்னீரில் நிற்கும் படகுக்குக் கொப்புளம் போட வாய்ப்பு அதிகம். மலையின் குளிர்ச்சி இந்த வினையை மெதுவாக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் மெதுவாவது நிற்பதாகாது. நிறுத்துவதற்கு நம்பகமான வழி, படகின் அடிப்பகுதி காய்வதற்கு நேரம் தருவதே.

நிலைத்த தூணும் நிலைக்காத நீரும்

படகைத் தூக்குவது நல்லது என்று ஒப்புக்கொண்டவரின் அடுத்த மறுப்பு இது: தரையில் தூண் நட்டு, மேலே உத்தரம் போட்டு, சங்கிலியாலோ கம்பிவடத்தாலோ தூக்கிவிட்டால் போதாதா? உறுதியாக நிற்கும், பழுதுபார்க்க உள்ளூர் வெல்டரே போதும். நீர்மட்டம் மாறாத இடத்தில் இந்த வாதத்தில் குறை காண முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் நீர்மட்டம் மாறாத நீர்நிலை எங்கே இருக்கிறது? சேர்வராயன் மலைக்கு மேற்கே, அதே சேலம் மாவட்டத்தில் 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி. வறட்சி ஆண்டுகளில் அது 40 அடிக்கும் கீழே போயிருக்கிறது. அப்போதெல்லாம் பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே வந்து நிற்பதைக் காணக் கூட்டம் கூடும். அங்கே எந்த உயரத்தில் தூண் நடுவது? நிறைந்த காலத்துக்கு நட்ட தூண் வறண்ட காலத்தில் சேற்றில் நிற்கும். வறண்ட காலத்துக்கு நட்டது நிறைந்த காலத்தில் நீருக்கடியில் போய், ஓடும் படகின் அடிவயிற்றைக் கிழிக்கும்.

ஏற்காடு ஏரியின் ஏற்ற இறக்கம் மேட்டூரின் அளவுக்குப் பெரிதல்ல. ஆனால் படகுத்துறைக்கு அரை மீட்டர் வித்தியாசமே போதும், எல்லாம் மாறிவிடும். படியிலிருந்து படகுக்குள் காலெடுத்து வைக்கும்போது ஒரு முழ இறக்கம் இருந்தால் குழந்தைக்கும் வயதானவருக்கும் அது ஆபத்து. இங்கே ஒரு முரண்பாடும் உண்டு. கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் மே மாதத்தில்தான் படகுக்குக் கூட்டம் அதிகம். வடகிழக்குப் பருவமழை முடிந்து மாதக்கணக்கில் வெயில் குடித்த ஏரி மட்டம் தாழ்ந்து கிடப்பதும் கோடைமழை வலுக்கும் வரையிலான அந்தப் பருவத்தில்தான். தேவை உச்சத்தில் இருக்கும்போது நீர் தாழ்ந்திருக்கிறது. நிலைத்த துறை ஒரே ஒரு மட்டத்துக்குத்தான் சரியாக இருக்க முடியும். மிதக்கும் துறை எல்லா மட்டத்துக்கும் சரியாக இருக்கும், ஏனெனில் அது நீரோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. கடல் ஓதத்தோடு மட்டம் மாறும் கொச்சி உப்பங்கழியில் 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ தன் துறைகளில் மிதவை மேடைகளை வைத்திருப்பதன் காரணமும் இதுதான். பயணி ஏறும் தளமும் படகின் தளமும் எப்போதும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் சக்கர நாற்காலியும் உள்ளே போக முடியும். மிதவைத்தூக்கி இதே தர்க்கத்தின் அடுத்த படி.

தூக்கும் கணக்கு

நீரால் படகைத் தூக்கும் எண்ணம் புதிதல்ல. ஆம்ஸ்டர்டாமுக்கு வெளியே இருந்த மணல்திட்டைப் பெரிய கப்பல்கள் தாண்டுவதற்காக, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர்கள் கப்பலின் இரு பக்கமும் நீர் நிரப்பிய மரத்தொட்டிகளைக் கட்டி, பிறகு நீரை இறைத்துக் கப்பலை உயர்த்தினார்கள். 1849 மே மாதம் அமெரிக்காவில் 6,469 என்ற எண்ணுள்ள காப்புரிமை ஒன்று வழங்கப்பட்டது. ஆற்றுத்திட்டில் சிக்கும் படகை, பக்கங்களில் விரியும் காற்றறைகளால் உயர்த்தும் ஏற்பாடு அது. அதைப் பெற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கன். நம் கண்ணெதிரே உள்ள பேருருவம் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் உருவானது. எல் அண்ட் டி நிறுவனம் கடற்படைக்காகக் கட்டி 2017இல் நீரில் இறக்கிய மிதக்கும் உலர்துறை 185 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் கொண்டது. 8,000 டன் வரையிலான போர்க்கப்பலை ஏந்தி நிறுத்தக்கூடியது. தொட்டிகளில் நீரை நிரப்பித் தாழ்வது, கப்பலை உள்ளே விடுவது, நீரை வெளியேற்றி மேலெழுவது என்ற மூன்று அசைவுகள்தாம் அதன் முழு வேலை. ஏரித்துறையில் 300 கிலோ படகைத் தூக்கும் மேடைக்கும் அந்த உலர்துறைக்கும் இடையே கொள்கையளவில் எந்த வேறுபாடும் இல்லை.

கொள்கை ஆர்க்கிமிடீசுடையது: மூழ்கிய பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ அவ்வளவு நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளும். நன்னீரில் ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ. எனவே 600 கிலோவைத் தூக்க வேண்டுமானால், தூக்கியின் சொந்த எடைக்குப் போக 600 லிட்டர் காற்று நீருக்குள் இருக்க வேண்டும். இதை இரண்டு விதமாகச் சாதிக்கிறார்கள். முதல் வகையில், அடியில் திறப்புள்ள பிளாஸ்டிக் தொட்டிகள் படகின் இருபுறமும் கீழே கிடக்கும். புளோயர் காற்றைச் செலுத்தினால் தொட்டிக்குள்ளிருக்கும் நீர் அடித்திறப்பு வழியே வெளியேறும், மேடை எழும். காற்றைத் திறந்துவிட்டால் மேடை இறங்கும். இரண்டாவது வகையில் மோட்டாரே கிடையாது. மூடிய பிளாஸ்டிக் கனப்பெட்டிகளைக் கோத்துச் செய்த தளத்தின் ஒரு முனையில் படகின் மூக்கை ஏற்றினால், அந்த முனை எடையில் தாழ்ந்து தானே சாய்தளமாகும். உருளைகளின் மேல் படகு வழுக்கி ஏறியதும் தளம் மட்டமாகிவிடும்.

இந்தக் கணக்கில் மோட்டார் எவ்வளவு சிறிய பாத்திரம் என்பதைப் பார்க்க வேண்டும். 600 கிலோவை அரை மீட்டர் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ 3,000 ஜூல். மின்கணக்கில் அது ஒரு வாட்-மணிக்கும் குறைவு. தொட்டிக்குள் காற்றைத் தள்ள வேண்டிய அழுத்தமும் சொற்பம். ஒரு மீட்டர் ஆழ நீரின் அழுத்தம் வளிமண்டலத்தில் பத்தில் ஒரு பங்குதான். எனவே கம்பிரஸர் வேண்டாம், புளோயர் போதும். ஆகவே இரு சாதனங்களை ஒப்பிடும்போது, எதன் மோட்டார் பெரிது என்பது எதையும் சொல்லாது. எது எத்தனை லிட்டர் நீரை விலக்கும், அந்தக் கொள்ளளவில் எவ்வளவு கையிருப்பு மிஞ்சும் என்பவைதான் கேள்விகள்.

கையிருப்பு ஏன் முக்கியம் என்றால், படகின் எடை என்று விற்பவர் தரும் எண் வெறும் உடலின் எடையாகவே பெரும்பாலும் இருக்கும். உடல் 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வெளியே மாட்டும் எஞ்சின் ஒரு 100 கிலோ, 50 லிட்டர் பெட்ரோல் சுமார் 37 கிலோ, பேட்டரி 25, உயிர்காப்பு அங்கி, நங்கூரம், துடுப்பு, கயிறு எல்லாம் சேர்த்து 40. இப்போதே 450 கிலோவைத் தாண்டிவிட்டது. இதன் மேல் மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். ஐந்து சதுர மீட்டர் திறப்புள்ள படகில், ஐப்பசி கார்த்திகையில் ஓரிரவு 50 மில்லிமீட்டர் பெய்தால் 250 கிலோ நீர் உள்ளே சேரும். படகின் எடையே அரைப்பங்குக்கு மேல் கூடிவிட்டது. எனவே தூக்கியில் படகு பின்பக்கம் லேசாகச் சாய்ந்து உட்கார வேண்டும், வடிகால் அடைப்பான் திறந்திருக்க வேண்டும், சாதனத்தின் திறன் முழுச்சுமையைவிடக் குறைந்தது கால்பங்கு கூடுதலாக இருக்க வேண்டும். 450 கிலோ படகுக்கு 600 கிலோ திறன் என்பது வீண்செலவு அல்ல. அடைப்பானைத் திறக்க மறந்த இரவில் மிதமான மழைக்கான காப்பு; மேலே சொன்ன 250 கிலோ நீரை அதுவும் தாங்காது.

மலைமேல் மாறுபவை

மெல்லிய காற்றுள்ள மலையில் காற்றால் தூக்கும் சாதனம் வலுவிழக்காதா என்ற ஐயம் எழலாம். ஏற்காட்டின் உயரத்தில் வளிமண்டல அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் எஞ்சின் அதே விகிதத்தில் இளைக்கும். புளோயர் தரக்கூடிய அழுத்தமும் குறையும். ஆனால் தூக்கும் விசை குறையாது. தொட்டிக்குள் இருக்கும் காற்றின் அடர்த்தி என்னவாக இருந்தாலும், அது விலக்கிய நீரின் எடை மாறுவதில்லை. மேலே சொன்ன கணக்கின்படி தேவைப்படும் அழுத்தமே சொற்பம் என்பதால், தொட்டியின் முழு ஆழத்தை வெல்லும் அழுத்தத்துக்கு மேல் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும் எந்தப் புளோயரும் மலையிலும் வேலை செய்யும்.

உயரம் கடிப்பது வேறோர் இடத்தில். சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஏற்காடு போய்ச் சேருவதற்குள் பலூனாக உப்பிவிடுவதை மலையேறும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். மூடிய மிதவைப் பெட்டிக்கும் அதே கதிதான். சமவெளியில் அடைப்பான் திருகி இறுக்கிய பெட்டியை லாரியில் மேலே கொண்டுவந்தால், உள்ளே சேலத்துக் காற்று, வெளியே ஏற்காட்டுக் காற்று. இரண்டுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 13 கிலோபாஸ்கல். 50 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் என்ற அளவுள்ள ஒரு பக்கச்சுவரை அது 270 கிலோ எடையால் உள்ளிருந்து தள்ளுவதற்குச் சமம். சுவர் உப்பினால் பெட்டிகளைக் கோக்கும் காதுகள் ஒன்றோடொன்று பொருந்தாது. பொருந்தினாலும் இணைப்பில் ஓயாத இழுவிசை தங்கிவிடும். மேலே வந்ததும் அடைப்பானை ஒருமுறை தளர்த்தி, காற்றைச் சமன்செய்து, மீண்டும் இறுக்கினால் போதும். ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாவிட்டால், தளம் சில ஆண்டுகள் கழித்து விரிசல் விடும்போது பழி பிளாஸ்டிக்கின் மேல் விழும்.

இன்னும் இரண்டு திருத்தங்கள் உண்டு. கடல்நீர் நன்னீரைவிட இரண்டரை விழுக்காடு கனமானது. எனவே கடலில் சோதித்து எழுதிய தூக்குதிறன், ஏரியில் அதே அளவு குறையும். இது சிறிய தொகை. கால்பங்குக் கையிருப்பு இதை விழுங்கிவிடும். வெயில் அப்படிச் சிறியதல்ல. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து விழுக்காடு அளவில் கூடுகிறது. காற்று குளிர்ந்திருப்பதால் வெயில் தெரியாது, பிளாஸ்டிக்குக்குத் தெரியும். எனவே புற ஊதாக் கதிரைத் தாங்கும் கலவை சேர்த்த, கனத்த சுவருள்ள பாலித்தீன் பெட்டியைக் கேட்டு வாங்க வேண்டும். மறுபக்கம், மலையேரி தரும் சலுகையும் ஒன்று உண்டு. ஏரி சிறியதாகையால் காற்று நீண்ட தூரம் நீரின் மேல் ஓட இடமில்லை. பெரிய அலை எழாது. கடற்கரைக்கான கனத்த எஃகுச் சட்டமும் அதன் விலையும் இங்கே தேவையில்லை.

பாதி வழியில் எப்படி நிற்கிறது?

தூக்கும் திறனைவிட நிலைத்தன்மைதான் உண்மையான சோதனை. மேடை முழுக்க மேலே இருக்கும்போது எல்லாத் தூக்கியும் உறுதியாகத்தான் தெரியும். முழுக்கக் கீழே இருக்கும்போது படகு தானே மிதக்கும். ஆபத்து நடுவில். தொட்டிகள் பாதி காற்றும் பாதி நீருமாக இருக்கும் அந்த அரை நிமிடத்தில், மேடை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தால் உள்ளிருக்கும் நீர் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடும், காற்று மேட்டுப் பக்கத்துக்கு ஓடும். தாழ்ந்தது இன்னும் தாழும், உயர்ந்தது இன்னும் உயரும். கப்பல் பொறியாளர்கள் மிகவும் அஞ்சும் விளைவு இது. இதன் வலிமை தொட்டியின் அகலத்தின் முப்படியைப் பொறுத்தது. எனவே அகலமான ஒரே தொட்டியின் நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்தால், ஒவ்வொரு பாதியிலும் விளைவு எட்டில் ஒன்றாகும். இரண்டும் சேர்ந்து நான்கில் ஒன்றாகும். ஒரே ஒரு தடுப்புச்சுவர் ஆபத்தில் முக்கால்பங்கைக் குறைத்துவிடுகிறது. அறை பிரிக்காத தொட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை வாங்கக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

தொட்டிகள் முழுக்க நீருக்குள் போனதும் இன்னொன்று நிகழ்கிறது. மிதக்கும் பொருளை நிமிர்த்தி வைப்பதில் நீரின் மேற்பரப்பை அது வெட்டும் பரப்புக்குப் பெரும் பங்கு உண்டு. தொட்டி மூழ்கிவிட்டால் அந்தப் பரப்பு இல்லை. எனவே தனியே மிதக்கும் தூக்கிக்கு எப்போதும் நீருக்கு மேலே தலைநீட்டும் மிதவைகள் வேண்டும், இல்லையென்றால் மிதக்கும் துறையோடு இணைகரக் கைகளால் அது பிணைக்கப்பட வேண்டும். விற்பவர் செய்துகாட்டும்போது, பாதி உயரத்தில் நிறுத்தச் சொல்லி, ஓர் ஆளை ஒரு ஓரத்தில் நிற்கச் சொல்லிப் பார்க்கலாம். மேடை சாய்ந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. சாய்ந்துகொண்டே போனால் அது துறைக்கு லாயக்கில்லை.

இங்கே எழும் மறுப்பு கடுமையானது: காற்றை நம்பும் சாதனம் கசிந்தால், மின்சாரம் போனால் என்ன ஆகும்? மலையில் மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மின்தடை வருவது வழக்கம்தான். ஆனால் பழுதுபடும் விதத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், மிதவைத்தூக்கியின் பக்கமே நியாயம் நிற்கிறது. கம்பிவடம் அறுந்தால் படகு விழும். கீழே ஆள் இருந்தால் உயிர் போகும். காற்றுத்தொட்டி கசிந்தால் மேடை மெல்ல இறங்கும், படகு மீண்டும் மிதக்கும். கட்டிய கயிறும் மூடிய வடிகாலும் இருந்தால் இழப்பு ஏதுமில்லை. இங்கேதான் இரண்டு அறிவுரைகள் மோதுகின்றன: மழைக்காக வடிகாலைத் திறந்து வைத்தால், கசிந்து இறங்கிய படகுக்குள் அதே துளை வழியே ஏரி ஏறும். அதற்குத் தீர்வு, உள்ளிருந்து வெளியே மட்டும் நீர் விடும் ஒருவழி அடைப்பான். மூடிய பெட்டிகளால் ஆன வகையில் இந்தச் சிக்கலே இல்லை; ஒரு பெட்டி ஓட்டையானாலும் மற்றவை தாங்கும்.

ஆனால் மிதவைத்தூக்கிக்கும் தீராத குறை ஒன்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. மிதக்க நீர் வேண்டும். படகின் அடி 40 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும், அதற்குக் கீழே தொட்டியின் உயரம் 60 சென்டிமீட்டர் என்றால், தாழ்ந்த நிலையில் ஒரு மீட்டர் நீர் கட்டாயம். அது இல்லாவிட்டால் தொட்டி சேற்றில் உட்காரும்; சேறு அதைப் பிடித்துக்கொள்ளும்; படகை இறக்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது. எனவே கரையோரம் ஆழமில்லாத இடத்தில் துறையை உள்ளே தள்ளி, கரையிலிருந்து கீல் வைத்த நடைபாலம் போட வேண்டும். நங்கூரத்துக்குப் போடும் கான்கிரீட் கட்டை நீருக்குள் தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 500 கிலோ கட்டை அங்கே சுமார் 300 கிலோவாகவே இழுத்துப் பிடிக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கடைசி மறுப்பு அறம் சார்ந்தது. சிறிய மலையேரி ஊர்ப்பொது. அதில் ஒவ்வொருவரும் பிளாஸ்டிக் மேடை போட்டால் ஏரி என்னாவது? இந்தக் கேள்வி சரியானது. கரையோர ஆழமற்ற நீரில்தான் மீன்குஞ்சும் தவளையும் வளர்கின்றன. அங்கே வெயில் படாமல் மூடினால் நீர்ச்செடி வாடும். எனவே உரிய அனுமதி இல்லாமல் ஒரு பெட்டிகூட நீரில் இறங்கக் கூடாது. இறங்கினாலும் படகின் அளவுக்கு மேல் தளம் விரியக் கூடாது. ஆனால் நீரிலேயே நிற்கும் படகும் ஏரிக்குக் கேடு செய்யாமல் இல்லை. பாசி பிடிக்காதிருக்க அதன் அடியில் செம்பு கலந்த நஞ்சுப்பூச்சு பூசினால் அந்தச் செம்பு மெல்லக் கரைந்து நீருக்குள் போகும். எஞ்சினின் எண்ணெய்க் கசிவு நேரே ஏரியில் விழும். காய்ந்து நிற்கும் படகுக்குப் பூச்சு வேண்டாம். கசிவு மேடையிலேயே கண்ணில் படும்.

ஏற்காடு போன்ற ஏரிக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கான முடிவு இப்போது எளிதாகிறது. இரண்டு பேர் தூக்கக்கூடிய துடுப்புப் படகுக்கு எந்தத் தூக்கியும் வேண்டாம். பரிசல்காரர் வழியில் கரையேற்றிக் கவிழ்த்து வைப்பதே சிறந்தது. ஆளால் தூக்க முடியாத மிதி படகுக்கும் சிறிய ஃபைபர் படகுக்கும் மூடிய பெட்டிகளால் ஆன, மோட்டார் இல்லாத சாய்தள மேடை போதும். அலையற்ற மலையேரிக்கு அதுவே மிகவும் பொருந்துகிறது. எஞ்சின் மாட்டிய கனமான படகுக்கு மட்டும் காற்றுத்தொட்டித் தூக்கி. அதிலும் அறை பிரித்த தொட்டி, கால்பங்குக் கையிருப்பு, ஒருவழி வடிகால் என்ற மூன்றும் இருந்தால் மட்டுமே. விலையையும் மோட்டாரையும் பற்றிப் பேசுவதற்கு முன், மழைக்குப் பிந்தைய கார்த்திகையில் அல்ல, ஏரி தாழ்ந்திருக்கும் கோடையில், மூங்கில் கழி ஒன்றை எடுத்துக்கொண்டு துறை அமையப்போகும் இடத்தின் ஆழத்தை அளந்து பாருங்கள். அங்கே ஒரு மீட்டர் நீர் இல்லையென்றால் காற்றுத்தொட்டி வகையை அந்த இடத்தில் வாங்காதீர்கள்.